வாசகர் கேள்வி – பதில்: அயர்லாந்துக்கு அமெரிக்கா அயல்நாடா?

சென்ற இதழின் உலகச் செய்திப் பகுதியில், டப்ளின் நகரில் மார்ச் 17ஆம் தேதி நடைபெறும் புனித பேட்ரிக் தின ஊர்வலம் அமெரிக்காவிலிருந்து அயர்லாந்துக்கு வந்த வழக்கம் என்று ஒரே வரியில் குறிப்பிட்டிருந்தோம். அதை நம்ப மறுத்தும், அதற்கு மேலும் கேட்டும் கடிதங்கள் வந்திருப்பதால், இந்த இதழில் கேள்வி – பதில் பகுதி முழுவதையும் அயர்லாந்துக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: ஒரு நாடு தன் பாதுகாவலரான புனிதரின் திருநாளைக் கொண்டாடும் முறையைக் கடல்கடந்த இன்னொரு நாட்டிடமிருந்து கற்றுக்கொண்டது என்பது நம்பும்படியாக இல்லையே? – மதுரையிலிருந்து ஒரு வாசகர்

பதில்: புனிதரும் நாளும் அயர்லாந்துக்கு உரியவை, ஊர்வலம்தான் இரவல். நியூயார்க் நகரில் அந்த ஊர்வலம் 1762இல் தொடங்கியது; அமெரிக்கா என்ற நாடு பிறப்பதற்கே அப்போது இன்னும் பதினான்கு ஆண்டுகள் இருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க நகரங்களில் வந்து குவிந்த அயர்லாந்துக் கத்தோலிக்கர்களை அங்கிருந்தோர் இழிவாக நடத்தியபோது, தங்கள் எண்ணிக்கையைத் தெருவில் இறங்கிக் காட்டுவதற்கு அவர்களுக்கு ஊர்வலம் தேவைப்பட்டது. தேர்தலில் வாக்குக் கேட்டு வருவோருக்கும் அதன் பொருள் நன்றாகவே விளங்கியது. தாயகத்தில் அப்படியொரு தேவை எழவில்லை. அங்கே அது தவக்காலத்தின் நடுவில் வருகிற ஒரு திருநாள். காலையில் திருப்பலி, மேற்சட்டையில் செருகிக்கொள்ளும் ஷாம்ராக் என்ற மூவிலைத் தழை, உறவினர் வீட்டு விருந்து என்று அடக்கமாகக் கழிந்துவிடும். 1903இல் அது பொது விடுமுறையாக்கப்பட்டது. சுதந்திர அரசு அமைந்த பிறகு, 1931இல்தான் டப்ளினில் அரசு சார்பில் ஊர்வலம் நடந்தது. அந்த நாளில் மதுக்கடைகள் மூடப்பட்டிருக்க வேண்டும் என்று 1920களில் கொண்டுவரப்பட்ட சட்டம் 1960களின் தொடக்கம் வரை நீடித்தது என்று சொன்னால், அந்த நாளைப் பச்சை நிறப் பீரோடு சேர்த்தே எண்ணிப் பழகியவர்கள் வியப்படைவார்கள். நியூயார்க், பாஸ்டன், சிகாகோ ஆகிய நகரங்களின் கொண்டாட்டத்துக்கு முன்னால் மூல ஊரே மங்கித் தெரிவது உறுத்தலாகவும், சுற்றுலா வருமானம் கைநழுவுவதாகவும் பட்டதனால், 1990களின் நடுவில் அரசாங்கமே முன்னின்று அதைப் பல நாள் திருவிழாவாக்கியது. 1952இல் அயர்லாந்துத் தூதர் அதிபர் ட்ரூமனுக்கு ஷாம்ராக் அனுப்பியதில் தொடங்கிய வழக்கமும் இன்று பெரும் சடங்காக வளர்ந்துவிட்டது. ஆகவே தேசியத் திருநாளை ஒட்டி அயர்லாந்துப் பிரதமரைப் பார்க்க விரும்புகிறவர் டப்ளினில் தேடுவதைவிட வாஷிங்டனில் தேடுவதே நல்லது.

கேள்வி: ஆங்கிலேயப் பண்பாட்டை அவ்வளவு கடுமையாக எதிர்த்த அயர்லாந்து மக்கள், அமெரிக்கப் பண்பாட்டை மட்டும் ஏன் எதிர்க்காமல் விட்டார்கள்? – கோயம்புத்தூரிலிருந்து ஒரு பேராசிரியர்

பதில்: எதிர்த்தவர்கள் இருந்தார்கள், அவர்களிடம் பிறகு வருகிறேன். ஆனால் அயர்லாந்தின் தேசிய இயக்கம் எப்போதும் காவல் காத்தது கிழக்கு வாசலை, அதாவது இங்கிலாந்து இருக்கும் திசையை மட்டுமே. அயர்லாந்தின் சொந்த ஆட்டங்களை வளர்ப்பதற்காக 1884இல் தர்லஸ் நகரில் தோன்றிய கேலிக் விளையாட்டுக் கழகம் பின்னாளில் தன் உறுப்பினர்களுக்குத் தடை செய்த கால்பந்து, ரக்பி, கிரிக்கெட், ஹாக்கி ஆகிய அனைத்துமே இங்கிலாந்திலிருந்து வந்த ஆட்டங்கள். 1892இல் ஐரிஷ் மொழி அறிஞர் டக்ளஸ் ஹைட் நிகழ்த்திய புகழ்பெற்ற உரை, அயர்லாந்தை ஆங்கிலமயத்திலிருந்து மீட்க வேண்டியதன் தேவையைப் பற்றியது. அதன் விளைவாக அடுத்த ஆண்டே ஐரிஷ் மொழியை வளர்க்கும் கேலிக் லீக் தோன்றியது. அந்த லீக்குக்கு நிதி திரட்டுவதற்காக அதே ஹைட் 1905–06இல் சுற்றி வந்த நாடு எது என்றால், அமெரிக்கா. ஆங்கிலமயத்தை எதிர்ப்பதற்கான பணம் ஆங்கிலம் பேசும் நாட்டிலிருந்து வந்ததில் அன்று எவரும் முரண்பாடு காணவில்லை.

காணாததற்குக் காரணம் உண்டு. 1841இல் தீவின் மக்கள்தொகை ஏறத்தாழ 82 லட்சம். 1845 முதல் 1852 வரை நீடித்த உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் மாண்டனர். அதற்கும் மேற்பட்டோர் நாட்டைவிட்டு வெளியேறினர். அவர்களில் பெரும்பாலோர் சென்று சேர்ந்த இடம் அமெரிக்கா. அதன் பின் ஒரு நூற்றாண்டுக் காலம், மேற்கு அயர்லாந்தின் கிராமங்களில் நியூயார்க்கிலோ பாஸ்டனிலோ அண்ணனோ அத்தையோ இல்லாத குடும்பம் அரிதாகவே இருந்தது. பணமும் பயணச்சீட்டும் உடுப்பும் அங்கிருந்து வந்தன. அரசியலும் அங்கிருந்தே வந்தது. பிரிட்டிஷ் ஆட்சியை ஆயுதத்தால் வீழ்த்த விரும்பிய பீனியன் சகோதரத்துவம் 1858இல் நியூயார்க்கில் நிறுவப்பட்டது. பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக டப்ளினில் நடந்த 1916 ஈஸ்டர் எழுச்சியின்போது வாசிக்கப்பட்ட விடுதலைப் பிரகடனம், அமெரிக்காவில் வாழும் நாடு கடந்த பிள்ளைகளின் ஆதரவை வெளிப்படையாகவே குறிப்பிடுகிறது. அந்த எழுச்சியில் பங்கேற்று, பின்னர் நாட்டின் பிரதமராகவும் குடியரசுத் தலைவராகவும் விளங்கிய ஈமன் டி வலேரா 1882இல் நியூயார்க்கில் பிறந்தவர். விடுதலைப் போரின் பெரும்பகுதியில் அவர் அமெரிக்காவில் சுற்றுப்பயணம் செய்து கடன்பத்திரங்கள் விற்றுக்கொண்டிருந்தார். இத்தகைய நாட்டை இங்கிலாந்தோடு ஒரே தட்டில் வைத்து எதிர்க்க அவர்களால் இயலவில்லை.

இனி, எதிர்த்தவர்கள். புதிய அரசு 1923இலேயே திரைப்படத் தணிக்கைச் சட்டம் இயற்றியது; முதல் தணிக்கை அதிகாரியான ஜேம்ஸ் மான்ட்கோமரி, நாட்டைக் கெடுக்கப்போவது லண்டனைவிட லாஸ் ஏஞ்சலஸ்தான் என்று அஞ்சியவர். 1934 ஜனவரியில் லீட்ரிம் மாவட்டத்து மோஹில் என்ற சிற்றூரில் ஜாஸ் இசையை எதிர்த்துப் பெரிய பேரணி நடந்தது. வானொலியில் ஜாஸ் ஒலிக்க இடம் கொடுத்ததற்காக நிதியமைச்சர் ஷான் மாக்என்டியைக் கேலிக் லீக்கின் செயலாளர் கடுமையாகச் சாடினார். அடுத்த ஆண்டு, உரிமம் பெறாத இடங்களில் பொது நடனம் நடத்துவதைத் தடை செய்யும் சட்டம் வந்தது. இங்கேதான் வேடிக்கை. அந்தச் சட்டத்தைப் பாதிரியார்களும் காவலர்களும் கிராமத்து வீடுகளில் நடந்த ஆட்டங்களின் மீதும் பாய்ச்சியதால், பழைய பாட்டுகளை வாசித்துவந்த வீட்டுக்கூடங்கள் அடங்கின. உரிமம் பெற்ற பெரிய மண்டபங்களில் ஜாஸ் குழுக்கள் தடையின்றி வாசித்தன. அமெரிக்க இசையைத் துரத்தக் கிளம்பியவர்கள் சொந்த இசையின் கூரையைப் பிரித்துவிட்டார்கள் என்றே சொல்ல வேண்டும்.

கேள்வி: நான் வயலின் பயிலும் மாணவி. அயர்லாந்தின் நாட்டுப்புற இசை அமெரிக்கத் தாக்கத்தால் கெட்டுப்போனதா, பிழைத்துக்கொண்டதா? – தஞ்சாவூரிலிருந்து ஒரு வாசகி

பதில்: இரண்டும் நடந்தன, அதுவும் பெரும்பாலும் ஒரே மனிதர்களால் நடந்தன.

பிழைத்த கதையை முதலில் சொல்கிறேன். கார்க் மாவட்டத்தில் 1848இல் பிறந்து, இளம் வயதில் கப்பலேறிய பிரான்சிஸ் ஓ'நீல், 1901 முதல் 1905 வரை சிகாகோ நகரக் காவல்துறையின் தலைவராக இருந்தவர். புல்லாங்குழல் வாசிப்பவரான அவர், அயர்லாந்தின் பல மாவட்டங்களிலிருந்தும் சிகாகோவுக்கு வந்து சேர்ந்திருந்த கலைஞர்களிடம் மெட்டுகளைக் கேட்டுத் திரட்டினார். நல்ல கலைஞர் என்றால் காவல்துறையில் வேலை கிடைப்பது எளிது என்று அக்காலத்தில் பேச்சு இருந்தது. 1903இல் அவர் வெளியிட்ட தொகுப்பில் 1,850 மெட்டுகளும், 1907இல் வெளியிட்ட நடன இசைத் தொகுப்பில் 1,001 மெட்டுகளும் இடம்பெற்றன. தாயகத்தில் ஒரு மாவட்டத்துக் கலைஞர் அடுத்த மாவட்டத்தாரைக் கேட்பதே அரிதாக இருந்த காலத்தில், முப்பத்திரண்டு மாவட்டங்களும் ஒரே நகரத்தில் கூடியிருந்ததால்தான் இது சாத்தியமாயிற்று. அயர்லாந்தின் கலைஞர்கள் இன்றும் ஓ'நீலின் தொகுப்புகளைத் தலைமாட்டில் வைத்திருக்கிறார்கள்.

அடுத்தது இசைத்தட்டு. புலம்பெயர்ந்தோர் தங்கள் ஊர் இசையைக் காசு கொடுத்து வாங்குவார்கள் என்று அமெரிக்க நிறுவனங்கள் கண்டுகொண்ட பிறகு, 1920களில் நியூயார்க்கில் அயர்லாந்து இசைப் பதிவுகள் பெருகின. ஸ்லைகோ மாவட்டத்தில் 1891இல் பிறந்து 1914இல் அமெரிக்கா சென்ற மைக்கேல் கோல்மன் என்ற வயலின் கலைஞர் 1921 முதல் அங்கே பதிவு செய்த தட்டுகள், உறவினர் அனுப்பிய பொதிகளோடு அயர்லாந்தின் கிராமங்களுக்கு வந்து சேர்ந்தன. வில்லின் வேகமும் நுணுக்கமான அலங்காரங்களும் கொண்ட அவருடைய ஸ்லைகோ பாணியைக் கேட்டவர்கள் மலைத்துப் போனார்கள். பலர் தங்கள் ஊர் வாசிப்பைத் தாழ்வாக எண்ணி, கோல்மனின் தட்டில் உள்ள வரிசையிலேயே, தட்டில் உள்ளபடியே மெட்டுகளைக் கற்றுக்கொண்டார்கள். டோனகல், கெர்ரி போன்ற இடங்களில் தனித்த பாணிகள் அழியாமல் நின்றன என்றாலும், பல மாவட்டங்களின் பாணிகள் மெலிந்துபோயின. கெட்டுப்போனது என்று சொல்வதானால் இதைத்தான் சொல்ல வேண்டும். இதில் அமெரிக்க இசையின் கலப்பு மிகக் குறைவு. பிற பாணிகளை ஒடுக்கியது, அமெரிக்கத் தொழில்நுட்பத்தில் ஏறி வந்த ஸ்லைகோவின் இசையே. பண்பாட்டுத் தாக்கம் பற்றிப் பேசுவோர் இந்த வேறுபாட்டைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

நடனத்துக்கு வருவோம். 1994 ஏப்ரல் 30ஆம் நாள் டப்ளினில் நடந்த யூரோவிஷன் பாட்டுப் போட்டியின் இடைவேளையில் ஏழு நிமிடம் மட்டுமே ஆடப்பட்ட ரிவர்டான்ஸ், உடலை விறைப்பாக வைத்துக் காலால் மட்டும் ஆடும் பழைய போட்டி நடனத்தை உலக மேடைக்கு உரியதாக மாற்றியது. இசையமைத்த பில் வீலன் லிமரிக் நகரத்தவர். முன்னின்று ஆடிய இருவரில் மைக்கேல் பிளாட்லி சிகாகோவில் பிறந்தவர், ஜீன் பட்லர் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர். அந்த ஏழு நிமிடத்தைத் தங்கள் பண்பாட்டின் மறுபிறப்பாகவே அயர்லாந்து மக்கள் கண்டார்கள். அது பிராட்வே மேடையின் பகட்டு என்று முணுமுணுத்தவர்களின் குரல் எடுபடவில்லை. எனக்கும் அந்தப் பகட்டில் முழு உடன்பாடு இல்லை. ஆனால் நடனப் பள்ளிகளில் பிள்ளைகள் குவிந்ததற்கு அதுவே காரணம் என்பதை மறுக்க முடியாது.

கேள்வி: ஹாலோவீன் அமெரிக்கப் பண்டிகைதானே? – சேலத்திலிருந்து ஒரு மாணவர்

பதில்: இல்லை. குளிர்காலத்தின் தொடக்கத்தைக் குறிக்கும் சௌவின் என்ற பழைய கேலிக் திருநாளே அதன் வேர். அயர்லாந்தில் டர்னிப் கிழங்கைக் குடைந்து முகம் செதுக்கி உள்ளே விளக்கேற்றுவார்கள். அமெரிக்காவில் பூசணி பெரிதாகவும் குடைவதற்கு எளிதாகவும் கிடைத்ததால் பூசணிக்கு மாறினார்கள். இப்போது அயர்லாந்துக் கடைகளிலும் பூசணிதான். மோதிரம் ஒளித்து வைத்துச் சுடும் உலர்பழ ரொட்டியும், ஊர் நடுவே மூட்டும் சொக்கப்பனை போன்ற தீயும் இன்னும் மறையவில்லை.

கேள்வி: ஐரிஷ் மொழி நலிந்ததற்கு அமெரிக்கத் தொலைக்காட்சி காரணமா? – யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் ஆசிரியை

பதில்: தொலைக்காட்சி வருவதற்கு நூறாண்டுக்கு முன்பே அந்த மொழி நலிந்துவிட்டது. 1851இல் ஐரிஷ் பேசியவர்கள் சுமார் 15 லட்சம் பேர். அதாவது மக்களில் நால்வரில் ஒருவர்கூட இல்லை. பஞ்சம் மிகக் கொடுமையாகத் தாக்கியது ஐரிஷ் பேசிய மேற்குப் பகுதிகளை. ஆட்சியும் நீதிமன்றமும் பள்ளியும் ஆங்கிலத்தில் நடந்தன. ஆயினும் அமெரிக்காவுக்கு இதில் பங்கில்லை என்று சொல்ல மாட்டேன். பிள்ளை வளர்ந்ததும் கப்பலேறத்தான் போகிறது என்று உறுதியாக அறிந்திருந்த பெற்றோர், அங்கே பிழைக்கத் தேவையான ஆங்கிலத்தையே வீட்டிலும் பேசத் தொடங்கினர். தாங்கள் ஒருவரோடொருவர் ஐரிஷ் பேசிக்கொண்டு, பிள்ளைகளிடம் மட்டும் உடைந்த ஆங்கிலம் பேசிய பெற்றோரைப் பற்றிய பதிவுகள் ஏராளம். அமெரிக்கா அயர்லாந்தின் மீது செலுத்திய தாக்கங்களில் இதுவே மிக ஆழமானது என்பது என் கருத்து. ஒரு திரைப்படமோ ஒரு பாட்டோ கரை சேர்வதற்கு முன்பே அது நடந்து முடிந்துவிட்டது.

தொலைக்காட்சி 1961 டிசம்பர் 31 அன்று தொடங்கியது. தொடக்க நாளன்று பேசிய குடியரசுத் தலைவர் டி வலேரா, அணுசக்தியைப் போலவே இதுவும் அளவற்ற நன்மையும் மீளாத தீமையும் செய்யக்கூடியது என்ற அச்சத்தை மறைக்காமல் சொன்னார். மலிவாகக் கிடைத்த அமெரிக்கத் தொடர்கள் அதன் நேரத்தில் பெரும்பங்கை நிரப்பின. 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 18.7 லட்சம் பேர் தங்களுக்கு ஐரிஷ் தெரியும் என்று எழுதிக் கொடுத்தாலும், பள்ளிக்கு வெளியே அன்றாடம் பேசுவோர் சுமார் 72,000 பேர் மட்டுமே. 1996இல் தொடங்கிய ஐரிஷ் மொழித் தொலைக்காட்சி, அமெரிக்கக் கார்ட்டூன்களுக்கு ஐரிஷ் குரல் கொடுத்து ஒளிபரப்பிப் பிள்ளைகளை ஈர்த்தது. கௌபாய் படங்களும் அங்கே நிரந்தர விருந்தாளிகள்.

கேள்வி: அமெரிக்காவில் வாழும் அயர்லாந்து வம்சாவளியினரைத் தாயகத்தார் தங்களவர் என்று ஏற்கிறார்களா? – சென்னையிலிருந்து ஒரு வாசகர்

பதில்: சட்டம் ஏற்கிறது, நாக்கு சற்றுத் தயங்குகிறது. தாத்தாவோ பாட்டியோ அயர்லாந்தில் பிறந்தவராக இருந்தால் பதிவு செய்து குடியுரிமை பெறலாம். 1998இல் திருத்தப்பட்ட அரசியலமைப்பின் இரண்டாவது உறுப்பு, வெளிநாட்டில் வாழும் வம்சாவளியினரோடு உள்ள உறவைப் போற்றுவதாகச் சொல்கிறது. அமெரிக்காவில் தம்மை அந்த வம்சாவளியினர் என்று குறிப்பிடுவோர் மூன்று கோடிக்கும் மேற்பட்டோர். குடியரசின் மக்கள்தொகையோ ஐம்பது லட்சத்தைச் சற்றே தாண்டியது. இந்த விகிதத்தில், அயர்லாந்து எப்படி இருக்க வேண்டும் என்று உலகம் எண்ணுகிறது என்பதைத் தீர்மானிப்பவர்கள் தாயகத்தார் அல்லர். கூரை வேய்ந்த குடிசையும் செம்பட்டைத் தலையும் எதிர்பார்த்து விமானத்திலிருந்து இறங்கும் பயணியை அவர்கள் கிண்டல் செய்கிறார்கள். அவரிடமே அந்தக் குடிசையின் படம் பொறித்த துவாலையை விற்கவும் செய்கிறார்கள்.

1963 ஜூனில் கென்னடி வந்தபோது தெருக்களில் கண்ணீரோடு நின்றார்கள். பல வீடுகளில் திருத்தந்தையின் படத்துக்குப் பக்கத்தில் அவர் படம் மாட்டப்பட்டது. 1984இல் ரீகன் வந்தபோது மத்திய அமெரிக்க நாடுகளில் அவர் கடைப்பிடித்த கொள்கையை எதிர்த்து ஆர்ப்பாட்டங்கள் நடந்தன. 2011இல் ஒபாமா தம் தாய்வழி முன்னோர் ஒருவரின் ஊரான மணிகாலுக்கு வந்து போன பின், அதன் அருகே டப்ளின் – லிமரிக் விரைவுச் சாலையில் ஒபாமாவின் பெயரைத் தாங்கிய உணவு வளாகமே எழும்பிவிட்டது. அதை நடத்துபவர், 1978இல் பாலினஸ்லோ நகரில் அமெரிக்கப் பாணியில் பர்கர் கடை தொடங்கி, அதைச் சூப்பர்மாக்ஸ் என்ற நாடறிந்த நிறுவனமாக வளர்த்தவர். பெயர் ஒப்புமையைக் காட்டி ஐரோப்பாவில் அதன் விரிவாக்கத்தைத் தடுத்த மெக்டொனால்ட்ஸ் நிறுவனத்தை எதிர்த்து அது வழக்காடியது. கோழி இறைச்சிச் சாண்ட்விச்சுகளுக்குப் பிக் மாக் என்ற வணிகப் பெயரின் மீது மெக்டொனால்ட்ஸுக்குத் தனியுரிமை இல்லை என்று 2024 ஜூனில் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, அயர்லாந்தில் அதைத் தேசிய வெற்றியாகவே கொண்டாடினார்கள். பர்கர் எந்த நாட்டு உணவு என்ற கேள்வி அன்று எவருக்கும் தோன்றியதாகத் தெரியவில்லை.

கேள்வி: பொருளாதாரத்தைக் கைப்பற்றிய பின் பண்பாட்டைப் பற்றிப் பேசி என்ன பயன்? – ஈரோட்டிலிருந்து ஒரு தொழில்முனைவோர்

பதில்: கேள்வி சரியான இடத்தைத் தொடுகிறது. பைசர் 1969இலும், ஆப்பிள் 1980இலும், இன்டெல் 1989இலும் அங்கே கால் பதித்தன. 2003 முதல் 12.5 சதவீத நிறுவன வரி மற்றவர்களையும் இழுத்து வந்தது. ஆன்மிக அளவில் நாம் பெர்லினைவிடப் பாஸ்டனுக்கே, அதாவது ஐரோப்பாவைவிட அமெரிக்காவுக்கே நெருக்கமானவர்கள் என்ற பொருளில் துணைப் பிரதமர் மேரி ஹார்னி 2000ஆம் ஆண்டு பேசியது இன்றும் அங்கே விவாதப் பொருள். ஆப்பிளிடமிருந்து 1,300 கோடி யூரோ வரிப் பாக்கியை வசூலிக்குமாறு ஐரோப்பிய ஆணையம் உத்தரவிட்டபோது, அந்தப் பணம் தனக்கு வேண்டாம் என்று அயர்லாந்து அரசே வழக்காடி, 2024 செப்டம்பரில் தோற்றுப் பணத்தைப் பெற்றுக்கொண்டது. நிறுவன வரி வருவாயில் பாதிக்கும் மேல் விரல்விட்டு எண்ணக்கூடிய சில நிறுவனங்களிடமிருந்து, அவற்றிலும் பெரும்பாலும் அமெரிக்க நிறுவனங்களிடமிருந்து வருகிறது. ஊர்வலத்தையும் பூசணியையும் தமக்கேற்ப மாற்றிக்கொள்ள அயர்லாந்து மக்களால் முடிந்தது; வாஷிங்டனில் மாறும் வரிச் சட்டத்தை அப்படி மாற்றிக்கொள்ள வழியில்லை.

கேள்வி: விளையாட்டில் மட்டுமாவது அவர்கள் அமெரிக்காவை உள்ளே விடவில்லை அல்லவா? – திருநெல்வேலியிலிருந்து ஒரு வாசகர்

பதில்: விட்டார்கள், அதுவும் இங்கிலாந்துக்கு முன்பாகவே. பஞ்சத்தின் நூற்றாண்டு நினைவையொட்டி, அயர்லாந்துக்கே உரிய ஆட்டமான கேலிக் கால்பந்தின் 1947ஆம் ஆண்டு இறுதிப் போட்டியைக் கேலிக் விளையாட்டுக் கழகம் நியூயார்க்கில் நடத்தியது. கேவன் அணி கெர்ரியை வென்றது. அயர்லாந்துக்கு வெளியே அந்த இறுதிப் போட்டி நடந்தது அந்த ஒருமுறைதான். கழகத்தின் தலைமை மைதானமான டப்ளினின் குரோக் பார்க்கில், 1920 நவம்பரில் ஆட்டம் பார்க்க வந்த கூட்டத்தின் மீது பிரிட்டிஷ் படையினர் சுட்டதில் 14 பேர் இறந்தனர். அங்கே இங்கிலாந்திலிருந்து வந்த கால்பந்தும் ரக்பியும் ஆட நெடுங்காலம் இடமளிக்கப்படவில்லை. ஆனால் 1996இல் நாட்டர் டேம் பல்கலைக்கழகமும் அமெரிக்கக் கடற்படைக் கல்லூரியும் அதே மைதானத்தில் அமெரிக்கக் கால்பந்து ஆடின. இங்கிலாந்தின் ரக்பி அணி அங்கே நுழைந்தது அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 2007 பிப்ரவரி 24 அன்று; அயர்லாந்து 43–13 என்ற கணக்கில் வென்றது.